கல்லறை இல்லாத வள்ளலார்... வடலூர் பெருவெளி யாருடைய நினைவிடம்?

அண்ணாமலை நகர்ல படிச்சவங்களுக்கு வடலூர் ஒண்ணும் புது ஊர் இல்ல. சிதம்பரத்துல இருந்து புவனகிரி, குறிஞ்சிப்பாடி பக்கமா போனா ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். தைப்பூசம்னா ஸ்பெஷல் பஸ் விடுவாங்க. ஜோதி பார்க்க வர்ற கூட்டத்துல கால் வைக்க இடம் இருக்காது. நீங்களும் ஃப்ரெண்ட்ஸோட ஒரு தடவையாவது போயிருப்பீங்க, தர்மசாலையில சாப்பிட்டிருப்பீங்க.

ஆனா அங்கே ஒரு விஷயம் இல்லாததை கவனிச்சிருக்கீங்களா? வள்ளலாரோட சமாதி!

நம்ம ஊர்ல பெரிய மனிதர்கள் இறந்தா, அவங்களை அடக்கம் செஞ்ச இடம்தான் நினைவிடம். மெரினாவுல அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி. திருவண்ணாமலையில ரமணர். திருவொற்றியூர்ல பட்டினத்தார். பாண்டிச்சேரியில அரவிந்தர். உடல் இருக்கிற இடத்தைச் சுற்றித்தான் மண்டபம், தோட்டம், மாலை, கற்பூரம் எல்லாம் வரும். வள்ளலாருக்கு அப்படி ஒரு இடமே இல்லை. அவர் விட்டுட்டுப் போனது அணையாத ஒரு அடுப்பு, பூட்டிய ஓர் அறை, பெரிய ஒரு வெட்டவெளி. அவ்வளவுதான்.

இதுல ஆச்சர்யம் என்னன்னா, இறந்தவங்களை எப்படி அடக்கம் செய்யணும், வீட்டுல இருக்கிறவங்க எப்படி நடந்துக்கணும்னு 150 வருஷத்துக்கு முன்னாடியே தெளிவா எழுதிவெச்ச மனிதர் அவர். அந்தக் கதையைத்தான் இப்போ பார்க்கப்போறோம்.

ஆறாவது மனைவியின் ஐந்தாவது பிள்ளை

சிதம்பரத்துக்கு வடமேற்கே இருக்கிற சின்ன கிராமம் மருதூர். அங்கே 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ம் தேதி பிறந்தார் ராமலிங்கம். அப்பா ராமையா பிள்ளை, ஊர்க் கணக்கர். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தவர். அம்மா சின்னம்மை. ராமலிங்கத்துக்கு முன்னாடி சபாபதி, பரசுராமன்னு இரண்டு அண்ணன்கள், சுந்தரம்மாள், உண்ணாமுலைன்னு இரண்டு அக்காக்கள்.

இந்தக் குடும்பத்தைப் பத்தி ஒரு தகவலை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ராமையா பிள்ளைக்கு சின்னம்மை ஆறாவது மனைவி. அதுக்கு முன்னாடி கல்யாணம் செஞ்ச ஐந்து பேரும் ஒருத்தர் பின் ஒருத்தரா இறந்துபோனாங்க. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அவர் மறுபடி கல்யாணம் செஞ்சுக்கிட்டார். அந்தக் காலத்துல அதை யாரும் தப்பா பேசினதில்லை. ஆம்பளைன்னா அது சகஜம்.

ராமலிங்கம் கைக்குழந்தையா இருக்கும்போதே ராமையா பிள்ளை இறந்துட்டார். இப்போ சின்னம்மையோட முறை. ஆனா அவங்களுக்கு இன்னொரு கல்யாணம்கிற பேச்சுக்கே இடமில்லை. ஐந்து பிள்ளைகளோட பொன்னேரி பக்கத்துல இருக்கிற தன் பிறந்த ஊரான சின்னக்காவணத்துக்குப் போனாங்க. அங்கிருந்து சென்னை. ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவுல குடியேறினாங்க. ஒரு கைம்பெண்ணோட கடைசிக் குழந்தையாத்தான் ராமலிங்கம் வளர்ந்தார்.

ஸ்கூலுக்குப் போகாத பையன்

குடும்பப் பொறுப்பு மூத்த அண்ணன் சபாபதி தலையில விழுந்தது. அவர் புராணச் சொற்பொழிவு செஞ்சு சம்பாதிச்சார். தம்பியையும் படிக்கவைக்கணும்னு ஆசை. காஞ்சிபுரம் மகாவித்வான் சபாபதி முதலியார்கிட்ட அனுப்பினார். ஆனா பையன் பாடத்துல உட்காரலை. கந்தகோட்டம் முருகன் கோயில்ல போய் உட்கார்ந்துட்டு பாட்டு எழுதிக்கிட்டிருந்தான்.

அண்ணனுக்குக் கோபம். இனி வீட்டுல அவனுக்குச் சோறு போடக் கூடாதுன்னு சொல்லிட்டார். அண்ணிக்கு மனசு கேக்கலை. வீட்டுக்காரருக்குத் தெரியாம பின்பக்கமா கூப்பிட்டு சோறு போட்டாங்க. பிற்காலத்துல ஊருக்கே சோறு போட்டவர், சின்ன வயசுல தன் வீட்டுலயே மறைஞ்சு சாப்பிட வேண்டியிருந்தது. கடைசியில ஒருவழியா சமாதானமாகி, மாடியில அவருக்குன்னு ஓர் அறை கொடுத்தாங்க. புத்தகத்துக்குப் பதிலா ஒரு கண்ணாடி வாங்கிவெச்சு, அதுக்கு முன்னாடி உட்கார்ந்து தியானம் செஞ்சார். ஒன்பது வயசுல அந்தக் கண்ணாடியில முருகனைப் பார்த்ததா அவரே பிறகு பாடியிருக்கார்.

ஒருநாள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. சோமு செட்டியார் வீட்டுச் சொற்பொழிவுக்கு, நிலைமையைச் சொல்லிச் சமாளிச்சுட்டு வான்னு தம்பியை அனுப்பினார். தம்பி போய் உட்கார்ந்து, திருஞானசம்பந்தர் கதையை ராத்திரி வெகுநேரம் வரை பேசிட்டு வந்தார். அன்னிக்குத்தான் வீட்டுக்குத் தெரிஞ்சது, பையன் யாருன்னு.

1850-ல் அக்கா மகள் தனக்கோட்டியோட கல்யாணம். அவருக்கு அப்போ 27 வயசு. வீட்டுல இருந்தவங்களோட வற்புறுத்தல்தான். முதலிரவு அன்னிக்குத் திருவாசகம் படிச்சுக்கிட்டிருந்தார்னு அவர் வாழ்க்கை வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. 1854-ல் 'மனுமுறை கண்ட வாசகம்' எழுதினார். பழைய நூல்களைப் பதிப்பிச்சார். திருவொற்றியூருக்கு நடந்தே போய் வந்தார். ஆனா பட்டணம் அவருக்கு ஒத்துவரலை. 1858-ல், 35 வயசுல, சென்னையை விட்டுக் கிளம்பிட்டார்.

கருங்குழியில் ஒரு விருந்தாளி

தலங்களைச் சுத்திக்கிட்டே சிதம்பரம் வந்தார். அங்கே கருங்குழி மணியக்காரர் வேங்கட ரெட்டியார் அவரைத் தன் வீட்டுக்கு அழைச்சிக்கிட்டுப் போனார். ஒன்பது வருஷம் அந்த வீட்டுல ஓர் அறைதான் அவரோட இருப்பிடம். தண்ணியில விளக்கு எரிஞ்சதா சொல்ற கதை இந்த வீட்டுலதான் நடந்தது. நம்புறவங்க நம்பட்டும். ஆனா திருவருட்பாவோட பெரிய பகுதி இங்கேதான் எழுதப்பட்டதுங்கிறது உண்மை.

அந்தப் பாடல்கள் அச்சுக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. அவருக்குப் புத்தகம் போடுறதுல விருப்பம் இல்லை. இறுக்கம் ரத்தின முதலியார்னு ஓர் அன்பர், பாடல்கள் கைக்கு வர்ற வரைக்கும் ஒருவேளைதான் சாப்பிடுவேன்னு உட்கார்ந்துட்டார். அடுத்தவங்க பட்டினியைத் தாங்க முடியாத மனுஷனுக்கு இதைவிடப் பெரிய நெருக்கடி வேற என்ன வேணும்? நேரத்துக்குச் சாப்பிடுங்க, பாடல்களை அனுப்பிவைக்கிறேன்னு கடிதம் எழுதினார்.

ஆனா அதுலயும் ஒரு கண்டிஷன். தன் பேரை ராமலிங்க சாமின்னு போடுறதுல தனக்குச் சம்மதம் இல்லைன்னு எழுதினார். சாமிங்கிற பட்டம் அவருக்கு வேண்டாம். 1867-ல் புத்தகம் வந்தப்போ தொழுவூர் வேலாயுத முதலியார் அவருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார்னு பட்டம் கொடுத்துப் போட்டார். இன்னிக்கு நாம கூப்பிடுற 'வள்ளலார்' அங்கிருந்து வந்ததுதான். அதையும் அவர் ஏத்துக்கலை.

பேருக்கு மட்டுமில்ல, உருவத்துக்கும் இதே கதை. அவரை போட்டோ எடுக்கத் திரும்பத் திரும்ப முயற்சி செஞ்சும் வெள்ளை ஆடை மட்டும்தான் விழுந்ததுன்னு சொல்வாங்க. பண்ருட்டி குயவர் ஒருத்தர் அவரை மாதிரியே மண்ணுல சிலை செஞ்சு கொண்டுவந்தாராம். வள்ளலார் அதை வாங்கிக் கீழே போட்டு உடைச்சிட்டாராம். பக்தர்கள் வழிவழியா சொல்ற இந்தக் கதைகளை எப்படி எடுத்துக்கிறதுங்கிறது உங்க விருப்பம். ஆனா எல்லாமே ஒரே திசையைத்தான் காட்டுது. தன்னை யாரும் நினைவுச்சின்னமா ஆக்குறதை அவர் விரும்பலை.

80 காணி நிலமும் ஓர் அடுப்பும்

அப்போ அவருக்கு என்னதான் வேணும்? பசிச்சவங்களுக்குச் சோறு. பயிர் வாடினதைப் பத்தி அவர் பாடின வரியை ஸ்கூல்ல மனப்பாடம் செஞ்சிருப்பீங்க. அது வெறும் கவிதை இல்லை. 1866-ல் சென்னை மாகாணத்துல கடும் பஞ்சம். ஒரிசாவுல அதே பஞ்சம் லட்சக்கணக்கானவங்களைக் கொண்டுபோச்சு. பசியில சுருண்டு கிடக்கிறவங்களைக் கண்ணால பார்த்த தலைமுறை அது.

கருங்குழிக்குப் பக்கத்துல பார்வதிபுரம் கிராமம். அந்த ஊர் மக்கள் 40 பேர் சேர்ந்து, 1867 பிப்ரவரியில 80 காணி நிலத்தை எழுதிக்கொடுத்தாங்க. ஏக்கர் கணக்குல சொன்னா சுமார் 106. ஜமீன்தார் ஒருத்தர் தூக்கிக்கொடுத்த இடம் இல்லை. ஊர்க்காரங்க ஆளுக்குக் கொஞ்சமா சேர்ந்து கொடுத்த இடம். இந்த விஷயம் பின்னாடி ரொம்ப முக்கியமாகப்போகுது.

1867 மே 23-ம் தேதி அங்கே சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. அன்னிக்கு மூட்டின அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையலை. சாதி கேக்க மாட்டாங்க, மதம் கேக்க மாட்டாங்க. பந்தியில உட்கார்ந்தா இலையில சாப்பாடு வரும். வள்ளலார் போன ரெண்டு வருஷத்துல, 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. தென்னிந்தியாவே செத்து மடிஞ்ச அந்த நேரத்துக்கு முன்னாடியே ஒரு சமையல்கட்டு தயாரா இருந்ததுங்கிறதை யோசிச்சுப் பாருங்க.

இதெல்லாம் எதிர்ப்பே இல்லாம நடந்ததுன்னு நினைச்சுடாதீங்க. யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர், ராமலிங்கத்தோட பாட்டையெல்லாம் அருட்பான்னு சொல்லக் கூடாதுன்னு கடுமையா எழுதினார். தேவாரம், திருவாசகம் வரிசையில இதை வைக்க முடியாதுங்கிறது அவர் வாதம். சிதம்பரம் கோயில்ல நடந்த ஒரு கூட்டத்துல தன்னை அவதூறா பேசினதா 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுல வழக்கும் போட்டார். அருட்பாவா, மருட்பாவாங்கிற இந்தச் சண்டை ரெண்டு பேரும் மறைஞ்ச பிறகும் ஓயலை. 1900-களின் தொடக்கத்துல மறைமலையடிகளும் கதிரைவேற்பிள்ளையும் இதையே மேடை போட்டு வாதாடினாங்க.

பிறகு என்ன ஆச்சு தெரியுமா? அதே சிதம்பரத்துல 1929-ல் தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஔவை சு.துரைசாமிப் பிள்ளை திருவருட்பாவுக்கு எழுதின உரையைப் பல தொகுதிகளா வெளியிட்டது. உங்க யுனிவர்சிட்டி லைப்ரரியில அந்த வரிசையைத் தேடிப் பாருங்க.

1871-ல் எழுதின சாவு வீட்டு விதிகள்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். 1871 மார்ச் 30-ம் தேதி வள்ளலார் சன்மார்க்க சங்கத்து அன்பர்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதினார். 'சமாதி வற்புறுத்தல்'னு அதுக்குப் பேர். அதுல சொன்னதை நம்ம பாஷையில சுருக்கினா இப்படி வரும்.

யார் இறந்தாலும் உடலை எரிக்கக் கூடாது. மண்ணுல வைக்கணும். கதறி அழக் கூடாது. புருஷன் இறந்தா மனைவியோட தாலியை வாங்கக் கூடாது. மனைவி இறந்தா புருஷன் இன்னொரு கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யக் கூடாது. பிள்ளைகள் இறந்தா மனசு உடைஞ்சுபோகக் கூடாது. கருமாதி மாதிரி எந்தச் சடங்கும் வேண்டாம். சொந்தக்காரங்க, சிநேகிதங்க, ஏழைங்களைக் கூப்பிட்டு, முடிஞ்ச அளவு ஏதாவது ஒரு நாள் சாப்பாடு போட்டா போதும்.

காரணம் அவரோட நம்பிக்கை. அருட்பெருஞ்ஜோதி வெளிப்படும்போது இறந்தவங்க திரும்ப எழுந்து வருவாங்கன்னு அவர் முழுசா நம்பினார். திரும்பி வரப்போறவரை எதுக்கு எரிக்கணும்? திரும்பி வரப்போறவரோட மனைவி எப்படிக் கைம்பெண் ஆவாங்க?

அவர் கைம்பெண் மறுமணத்துக்காகப் பேசலை, அதையும் இங்கே சொல்லணும். அதுக்கு 1856-லேயே சட்டம் வந்துட்டது. வங்காளத்துல வித்யாசாகர் போராடி வாங்கின சட்டம். வள்ளலார் கேட்டது வேற. அந்த நம்பிக்கையை நீங்க ஏத்துக்கணும்னு அவசியமில்லை. ஆனா விதியோட வடிவத்தைப் பாருங்க. புருஷன் போனா பொண்ணு எல்லாத்தையும் இழக்கணும், பொண்டாட்டி போனா ஆம்பளை மாப்பிள்ளையாகலாம்கிற கணக்கை அது ஒரே வரியில சமமாக்குது.

இப்போ மருதூர் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்க. ஆறு கல்யாணம் செஞ்ச அப்பா. ஒரு சாவுல எல்லாம் முடிஞ்சுபோன அம்மா. இதுக்காகத்தான் அவர் அப்படி எழுதினார்னு சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனா அந்த ரெண்டு விதியும் தொடுறது அவர் பிறந்த வீட்டோட கதையைத்தான்.

சடங்கு வேண்டாம்னு சொன்னதும் லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஒரு சாவுக்காக வட்டிக்குக் கடன் வாங்கின குடும்பங்கள் இன்னிக்கும் நம்ம பக்கத்துல இருக்கு. பதினாறாம் நாள் செலவுக்கு நகையை அடகு வெக்கிறவங்க இருக்காங்க. முடிஞ்ச அளவு, ஏதாவது ஒரு நாள்னு அவர் எழுதினதுல அந்தக் குடும்பங்கள் மேல இருந்த கரிசனம் தெரியுது. மண்ணுக்குள்ளயும் சாதி பார்த்து, தெருவுக்கொரு சுடுகாடு வெச்சிருக்கிற ஊர்கள் இன்னும் இருக்கும்போது, யாரா இருந்தாலும் ஒரே முறைதான்னு அவர் சொன்னது சாதாரணம் இல்லை.

சபையும் பூட்டிய அறையும்

தர்மச்சாலைக்குப் பக்கத்துல எண்கோண வடிவத்துல சத்திய ஞான சபையைக் கட்டினாங்க. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்னிக்கு முதல் ஜோதி தரிசனம். உள்ளே சிலை கிடையாது. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு வண்ணம்னு ஏழு திரைகள். அதுக்குப் பின்னாடி ஒரு ஜோதி. அவ்வளவுதான். சிதம்பரத்துல திரைக்குப் பின்னாடி வெட்டவெளியை ரகசியமா காட்டுவாங்க இல்லையா? வடலூர்ல திரையை விலக்கி எல்லாருக்கும் வெளிச்சத்தைக் காட்டினார்.

அதுக்கு முன்னாடியே, 1870-ல் அவர் மேட்டுக்குப்பத்துக்கு இடம் மாறியிருந்தார். அங்கே அவர் தங்கின வீட்டுக்கு சித்தி வளாகம்னு பேர் வெச்சார். 1873 அக்டோபர் 22-ம் தேதி அதுக்கு முன்னாடி மஞ்சளும் வெள்ளையுமா கொடி ஏத்தி, நீண்ட ஓர் உபதேசம் செஞ்சார். சைவம், வைணவம்னு எந்தச் சமயத்தையும் பிடிச்சுக்காதீங்கன்னு அதுல சொன்னார். ஒருகாலத்துல தனக்கும் சைவத்துல பற்று இருந்ததை மறைக்காமச் சொல்லிட்டு, அதையும் தாண்டி வந்துட்டதா சொன்னார்.

1874 ஜனவரி 30-ம் தேதி ராத்திரி. சித்தி வளாகத்துல தன் அறைக்குள்ள போனார். வெளியே பூட்டச் சொன்னார். திறந்து பார்க்க வேண்டாம்னும், பார்த்தா வெறும் அறையாத்தான் இருக்கும்னும் சொல்லிட்டுப் போனார். அப்போ அவருக்கு 50 வயசு.

வெள்ளைக்கார அதிகாரிகள் வந்து கதவைத் திறந்து பார்த்ததாவும், உள்ளே யாரும் இல்லைன்னும் சொல்லப்படுது. 1882-ல் வேலாயுத முதலியார், தியசாபிகல் சொசைட்டிகிட்ட தன் குருவைப் பத்தி விரிவா வாக்குமூலம் கொடுத்தார். 1906-ல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர், அவர் 1874-ல் மேட்டுக்குப்பம் அறையில தன்னைப் பூட்டிக்கிட்டதையும், அதுக்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கலைங்கிறதையும், அவர் கடவுளோட கலந்துட்டதா அன்பர்கள் நம்புறதையும் பதிவு செஞ்சிருக்கு.

ஜோதியில கலந்தார்னு அன்பர்கள் சொல்றாங்க. வேற மாதிரி சந்தேகப்படுறவங்களும் உண்டு. 150 வருஷமா இந்த விவாதம் ஓடுது. ரெண்டு பக்கமும் மறுக்க முடியாத உண்மை ஒண்ணு இருக்கு. இறந்தவங்களை மண்ணுல வைக்கச் சொன்ன மனிதருக்கு, மண்ணுல ஓர் இடம் இல்லை.

பூங்காவான கல்லறைகளும் பெருவெளியும்

அவர் வாழ்ந்த அதே நூற்றாண்டுலதான் உலகத்தோட பெரிய நகரங்கள் இறந்தவங்களுக்கு ஊருக்கு வெளியே இடம் தேட ஆரம்பிச்சது. பாரிஸ்ல 1804-ல் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் திறந்தாங்க. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துல 1831-ல் மவுன்ட் ஆபர்ன். மரம், குளம், நடைபாதைன்னு அழகா இருக்கும். பொதுப் பூங்காக்கள் பெருகாத அந்தக் காலத்துல மக்கள் வெளிக்காற்று வாங்கவே அங்கே போனாங்க. கல்லறை பூங்காவா மாறின கதை அது.

வடலூர்ல நடந்தது இதுக்கு நேரெதிர். இங்கே கல்லறையே இல்லை. வெளி மட்டும்தான் இருக்கு. சபைக்கு முன்னாடி விரிஞ்சு கிடக்கிற அந்த நிலத்துக்குப் பேரே பெருவெளி. தைப்பூசத்தன்னிக்கு ஆறு தடவை திரை விலகும். லட்சக்கணக்குல வர்றவங்க சபைக்குள்ள நுழைய முடியாது. வெளியில நின்னுதான் பார்க்கணும். அந்த வெறும் நிலம் இல்லைன்னா இத்தனை பேருக்கு தரிசனம் கிடையாது.

அதனாலதான் 2024-ல் பிரச்னை வந்தது. வள்ளலாருக்கு சர்வதேச மையம் அமைக்கப்போறதா தமிழக அரசு அறிவிச்சு, சுமார் 100 கோடி ரூபாய்ல அந்த ஆண்டு பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. கட்டப்போற இடம் பெருவெளி. பார்வதிபுரம் மக்கள் தடுத்தாங்க. எங்க பாட்டன், முப்பாட்டன் நிலம் கொடுத்தது வெளியா இருக்கத்தான், கட்டடம் கட்ட இல்லைங்கிறது அவங்க வாதம். போராட்டம், கைது, ஹைகோர்ட் வழக்குன்னு விஷயம் நீண்டது.

அரசு தரப்புலயும் நியாயம் இல்லாம இல்லை. ஊர் ஊரா வர்றவங்களுக்குத் தங்க இடம், கழிப்பறை, தியான மண்டபம், நூலகம் எல்லாம் தேவைதான். வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ஐ தனிப்பெருங்கருணை நாளா அறிவிச்சதும் இதே அரசுதான். அவரை உலகத்துக்குக் கொண்டுபோகணும்கிற எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. கேள்வி, எங்கே கட்டுறதுங்கிறதுதான். வேற இடத்துல கட்டினா மையம் மையமாவே இருக்கும். பெருவெளியில கட்டினா, அதுக்கப்புறம் பெருவெளி பெருவெளியா இருக்காது. ஒருதரம் போன வெட்டவெளி திரும்ப வராதுன்னு நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்துல வாழுற மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒருநாள் போய்ட்டு வாங்க

லீவு நாள்ல கிளம்பினா நாலு இடத்தையும் ஒரே நாள்ல பார்த்துடலாம். காலையில மருதூர், அவர் பிறந்த இடம். அடுத்து கருங்குழி, விளக்கெரிஞ்ச வீடு. மதியச் சாப்பாட்டுக்கு வடலூர் தர்மச்சாலை. காசு கேக்க மாட்டாங்க, முடிஞ்சா அரிசி வாங்கிட்டுப் போங்க. சாயங்காலம் சில கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்குப்பம். அங்கே சித்தி வளாகமும் பக்கத்துல தீஞ்சுவை நீரோடையும் இருக்கு. அந்த அறைக்கு தரிசனம் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழிச்சு நடக்கும். சபைக்குள்ள போறவங்க கொலையும் புலாலும் தவிர்த்தவங்களா இருக்கணும்கிறது அவர் வெச்ச விதி. தர்மச்சாலைக்கு அந்த விதி இல்லை. பசி இருந்தா போதும்.

போகும்போது செல்ஃபி எடுங்க, தப்பில்ல. ஆனா அங்கே போட்டோவுல விழாத ஒரு விஷயமும் இருக்கு. உங்க வீட்டுல நாளைக்கு ஒரு சாவு விழுந்தா, அந்த அம்மாவோட நெத்தியில இருக்கிற பொட்டை யார் அழிக்கப்போறாங்க, கழுத்துல இருக்கிறதை யார் அறுக்கப்போறாங்க, காரியத்துக்கு எவ்வளவு கடன் வாங்கப்போறீங்கங்கிற கேள்வி அது. 1871-லேயே அதுக்கு அவர் பதில் எழுதிட்டார். அதைச் செய்ய 100 கோடி தேவையில்லை, நிலம் தேவையில்லை. வீட்டுப் பெரியவங்ககிட்ட வேண்டாம்னு சொல்ற தைரியமும், பசிச்ச நாலு பேருக்கு ஒருவேளைச் சாப்பாடும் இருந்தா போதும்.